‘வாஸ்குலைட்டிஸ் பேனல்’ ரத்தப் பரிசோதனை: பெயர் பெரிது, வேலை குறுகியது

ரத்தக்குழாய் அழற்சியை (வாஸ்குலைட்டிஸ்) தேடும் இந்த ரத்தப் பரிசோதனைக்கு வாஸ்குலைட்டிஸ் பேனல், வாஸ்குலைட்டிஸ் ப்ரொஃபைல், ஆன்கா ப்ரொஃபைல் என்று லேப்புக்கு லேப் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே தொகுப்புதான். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவைத் தாக்கும் எதிர்ப்பொருளான ஆன்கா, அதன் இரண்டு முக்கிய இலக்குப் புரதங்களான பி.ஆர்.3, எம்.பி.ஓ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், செல் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளான ஏ.என்.ஏ., நோய் எதிர்ப்புப் புரதங்களான சி3, சி4, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை இருக்கும். சில இடங்களில் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டரும், சிறுநீரக வடிகட்டியின் அடிச்சவ்வைத் தாக்கும் ஜி.பி.எம். எதிர்ப்பொருளும் சேரும். ஒரே தடவை ஊசி குத்தினால் ரத்தக்குழாய் அழற்சி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலானோர் இதை எடுக்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு இது ஈடுகொடுப்பதில்லை. சிறு ரத்தக்குழாய்களைத் தாக்கும் ஒரு பிரிவுக்கு இது நல்ல பரிசோதனை. மற்ற பிரிவுகள் இதன் கண்ணில் படுவதே இல்லை.

காரணம் எளிது. ரத்தக்குழாய் அழற்சி என்பது ஒரே நோய் அல்ல. எந்த அளவுள்ள குழாய் வீங்குகிறது என்பதை வைத்துப் பிரிக்கும் பெயர்முறை 1994இல் சாப்பல் ஹில் மாநாட்டில் உருவாகி 2012இல் திருத்தப்பட்டது. பெருந்தமனியும் அதன் முதற்கிளைகளும் தாக்கப்படும் தகாயாசு, ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் ஒரு வரிசை. உறுப்புகளுக்குப் போகும் நடுத்தரத் தமனிகளைத் தாக்கும் பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசா, கவாசாகி இன்னொரு வரிசை. நுண்குழாய்களைத் தாக்குபவை மூன்றாவது வரிசை. இந்த மூன்றாவதும் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் ஆன்கா சார்ந்த மூன்று நோய்கள்: மூக்கு, நுரையீரல், சிறுநீரகத்தைத் தாக்கும் ஜி.பி.ஏ., பெரும்பாலும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும் எம்.பி.ஏ., ஆஸ்துமாவோடு வரும் ஈ.ஜி.பி.ஏ. மறுபக்கம் எதிர்ப்பொருள் கூட்டுகள் குழாய்ச் சுவரில் படிவதால் வருபவை: ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸ், குளிரில் படியும் புரதத்தால் வரும் கிரையோகுளோபுலின் வகை, ஜி.பி.எம். எதிர்ப்பொருள் நோய், சி3, சி4 குறைந்து தோலில் தடிப்பு வரும் வகை. எந்த அளவுக் குழாயையும் தாக்கும் பெஷே, கோகன் நோய்கள் தனி. லூபஸ், முடக்குவாதம், ஹெப்படைட்டிஸ் பி, சி, சில மருந்துகள் ஆகியவற்றின் விளைவாக வருபவையும் உண்டு. பேனலின் பெரும்பகுதி, இவற்றில் ஆன்கா சார்ந்த அந்த மூன்றை நோக்கியே அமைக்கப்பட்டது.

அந்த மூன்றில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

ஆன்காவைப் பார்க்க இரண்டு வழிகள். பழைய வழி ஒளிர்சாய முறை. ஆரோக்கியமானவரின் நியூட்ரோஃபில் செல்களை எத்தனாலில் பதப்படுத்தித் தகட்டில் ஒட்டி, அதன்மேல் நோயாளியின் ரத்த நீரான சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்த இன்னொரு எதிர்ப்பொருளால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செல்லுக்குள் பரவலாகப் பொடிப்பொடியாக ஒளிர்ந்தால் சி-ஆன்கா; உட்கருவைச் சுற்றி ஒளிர்ந்தால் பி-ஆன்கா. இரண்டாவது தோற்றம் உண்மையில் பதப்படுத்தும் முறையால் வருவது. உயிருள்ள செல்லில் எம்.பி.ஓ. உட்கருவை ஒட்டி இருப்பதில்லை. எத்தனால் பட்டதும் துகள்களிலிருந்து வெளியேறி, நேர்மின்னூட்டம் உள்ள அது எதிர்மின்னூட்டம் உள்ள உட்கருவில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஃபார்மலினில் பதப்படுத்திய தகட்டில் அதே சீரம் சி-ஆன்கா போலவே தெரியும். இது வெறும் ஆய்வகச் சுவாரசியம் அல்ல. ரிப்போர்ட்டில் வரும் குழப்பத்தில் பாதிக்கு இதுவே வேர். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் உள்ளவரின் சீரமும் உட்கருவில்தான் ஒட்டும். எத்தனால் தகட்டை மட்டும் பார்ப்பவர் அதை பி-ஆன்கா என்று எழுதிவிட முடியும். ஃபார்மலின் தகட்டிலும் பார்த்தோமா, ஏ.என்.ஏ.வுடன் ஒப்பிட்டோமா என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால் அந்த லேப் வேலை தெரிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிய வழி, பி.ஆர்.3, எம்.பி.ஓ. இரண்டையும் நேரடியாக அளப்பது. எலைசா, கெமிலூமினெசன்ஸ், ஃப்ளூரோஎன்ஸைம் என முறைகள் பல. 2017இல் வெளியான சர்வதேச ஒருமித்த கருத்து, தரமான நேரடி அளவீட்டையே முதல் பரிசோதனையாக எடுக்கலாம், ஒளிர்சாய முறை முதலில் தேவையில்லை என்றது. ஆகவே ‘சி-ஆன்கா, பி-ஆன்கா’ என்று ஒளிர்சாய முறை மட்டுமே உள்ள மலிவுத் தொகுப்பைத் தவிருங்கள். பி.ஆர்.3, எம்.பி.ஓ. மட்டும் உள்ள சின்னத் தொகுப்பு கிடைத்தால் அதுவே போதும். இரண்டு முறையும் சேர்ந்த பெரிய தொகுப்பு, இரண்டும் முரண்படும்போது பயன்படும். மற்ற நேரம் அதிகப்படி. ஸ்ட்ரிப்பில் கோடு விழும் பிளாட் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அது பாசிட்டிவ், நெகட்டிவ், வீக் பாசிட்டிவ் என்பதோடு நின்றுவிடும். எண் கிடைக்காது. முதல் முறைக்குப் பரவாயில்லை, தொடர் கண்காணிப்புக்கு உதவாது.

இனி முடிவுகளைப் படிப்பது. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் பாதிக்கப்பட்ட தீவிர ஜி.பி.ஏ.யில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆன்கா பாசிட்டிவாக வரும், பெரும்பாலும் பி.ஆர்.3. எம்.பி.ஏ.யில் பெரும்பாலும் எம்.பி.ஓ. ஆனால் ஜி.பி.ஏ. மூக்கோடும் சைனஸோடும் நின்றிருக்கும்போது நெகட்டிவாக இருப்பது சாதாரணம். ஈ.ஜி.பி.ஏ.யில் 30 முதல் 40 சதவீதம் பேருக்கு மட்டுமே ஆன்கா பாசிட்டிவ். பெரிய வயதில் தொடங்கிய ஆஸ்துமா, மூக்கில் பாலிப், ஒரு காலில் பாதம் தொங்கிப்போதல், இயோசினோஃபில் என்ற வெள்ளணு எகிறல் எல்லாம் உள்ள ஒருவர், பேனல் நெகட்டிவ் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனால் அது பேனலின் பெயர் செய்த கேடு. ஈ.ஜி.பி.ஏ.யைப் பிடிக்கிற எண் இயோசினோஃபில் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டரில் 1000ஐ எட்டினால் அமெரிக்க, ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்புகள் 2022இல் வெளியிட்ட ஏ.சி.ஆர்.–யூலார் வகைப்பாட்டில் அதற்கு மட்டும் 5 புள்ளிகள். 6 புள்ளிகள் எட்டினால் அந்த வகைக்குள் சேர்ப்பார்கள். அந்த எண் ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சி.பி.சி.யில் கிடைக்கிறது. விந்தை என்னவென்றால் பெரும்பாலான வாஸ்குலைட்டிஸ் பேனல்களில் சி.பி.சி. கிடையாது.

பொய்யான பாசிட்டிவ் இதைவிடப் பெரிய தலைவலி. அறிகுறி எதுவும் சரியாகப் பொருந்தாத 1000 பேருக்கு இந்தப் பரிசோதனை செய்கிறோம், அவர்களில் ஒருவருக்குத்தான் நோய், பரிசோதனை 100 பேரில் 5 பேருக்குத் தவறாகக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோயாளியைப் பிடிக்க 50 பேரைக் கலவரப்படுத்துகிறோம். வெறும் மூட்டுவலி, உடல் அசதி, எப்போதோ வந்த தடிப்பு ஆகியவற்றுக்காக இதை எடுக்கக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். பெருங்குடல் புண் நோய், பித்தநாள நோயான ப்ரைமரி ஸ்க்ளீரோசிங் கோலஞ்சைட்டிஸ், ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ் ஆகியவற்றில் ஒளிர்சாய முறையில் பி-ஆன்கா அடிக்கடி வரும், பி.ஆர்.3, எம்.பி.ஓ. இரண்டும் பெரும்பாலும் நெகட்டிவாக இருக்கும். காசநோயிலும் வரலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ராலசின், தைராய்டுக்குத் தரும் ப்ரொபைல்தையோயூராசில், முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின் ஆகியவை உண்மையாகவே ஆன்காவையும் சில நேரம் அழற்சியையும் உண்டாக்கும். பி.ஆர்.3, எம்.பி.ஓ. இரண்டும் ஒரே ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால் முதலில் மருந்துச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். குடற்புழு மருந்தான லெவாமிசோல் கலந்த கொக்கெயினும் இந்த இரட்டைப் பாசிட்டிவுக்குப் பெயர்போனது. காதுமடல் கறுத்துப்போவது அதன் அடையாளம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான பொய் பாசிட்டிவ் இதய வால்வில் கிருமி தொற்றும் எண்டோகார்டைட்டிஸ். காய்ச்சல், தோலில் புள்ளிகள், சிறுநீரில் ரத்தம், உயர்ந்த சி.ஆர்.பி., கூடவே பி.ஆர்.3 பாசிட்டிவ். பேனலை மட்டும் பார்த்தால் ஜி.பி.ஏ. என்றே தோன்றும். ஸ்டீராய்டு தொடங்கினால் கிருமிக்கு விருந்து. சி3 குறைந்திருப்பது இங்கே நல்ல துப்பு. ஆன்கா சார்ந்த நோய்களில் அது வழக்கமாகக் குறைவதில்லை, எண்டோகார்டைட்டிஸால் வரும் சிறுநீரக அழற்சியில் குறையும். பேனலில் சி3, சி4 இருப்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய இடம் இதுதான். காய்ச்சலோடு வருபவருக்கு ஸ்டீராய்டுக்கு முன் கிருமியைத் தேடும் ரத்த கல்ச்சரும் இதய ஸ்கேனான எக்கோவும் போயாக வேண்டும். அதைத் தொகுப்பு எழுதித் தராது.

ஏ.என்.ஏ.வும் ருமட்டாய்டு ஃபேக்டரும் லூபஸ், முடக்குவாதம் போன்ற பின்னணி நோய்களைத் தேடத்தான். ருமட்டாய்டு ஃபேக்டருக்கு இன்னொரு பயன் உண்டு: அது மிக உயர்ந்து, சி4 அடியோடு குறைந்து, சி3 ஓரளவு சரியாக இருந்தால் கிரையோகுளோபுலினைத் தேட வேண்டும்.

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நிமோனியாவிலும் இதே எண்கள்தான் வரும். ஈ.எஸ்.ஆர்.ருக்கு வயது பார்க்காத ‘நார்மல் அளவு’ போடும் ரிப்போர்ட்டுகள் இன்னும் வருகின்றன. ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்பது நடைமுறையில் பயன்படும் மேல்வரம்பு. 70 வயதுப் பெண்ணுக்கு 40 வரை இயல்பு. ரத்தசோகை, கர்ப்பம் ஆகியவை அதை ஏற்றும். குழாய் சற்றுச் சாய்ந்து நின்றாலும் ஏறும். எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் எண்ணை நம்ப முடியாது. வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுத்து, பல வீடுகளைச் சுற்றிவிட்டு மாலையில் லேப்புக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டில் ஈ.எஸ்.ஆர். பலியாகும் முதல் பரிசோதனை. சி.ஆர்.பி. சீரத்தில் நிலையாக இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டுமென்றால் அதை நம்பலாம்.

இப்போது பேனலில் இல்லாதது. இந்த மதிப்பீட்டில் அதிக மதிப்பெண் குறைவது இங்கேதான்.

நுண்குழாய் அழற்சி உயிரை எடுப்பது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் வலிக்காது. சிறுநீர் அளவும் தொடக்கத்தில் பெரும்பாலும் குறையாது. வாரக் கணக்கில் வடிகட்டிகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கும், ஆள் சைனஸ் தொல்லைக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இதை முதலில் காட்டுவது சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. எந்த லேப்பிலும் இருக்கும், விலை பேனலில் ஒரு துளி. ஆனால் தொகுப்புக்குள் இதைச் சேர்க்கும் லேப் அபூர்வம்.

அதையும் சரியாகச் செய்தால்தான் பலன். காலையில் நடுப்பகுதிச் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, ஒரு மணி நேரத்தில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில் லேப்பில் பார்க்க வேண்டும். வடிகட்டியிலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் குழாய் வடிவில் ஒட்டி வரும் ‘ஆர்.பி.சி. காஸ்ட்’, நீண்ட நேரம் கிடந்தால் சிதைந்துவிடும். சாம்பிளைச் சுழற்றி அடியில் தங்கியதை மனிதக் கண் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தானியங்கி இயந்திரம் காஸ்ட்டுகளைத் தவறவிடுவது சகஜம். காஸ்ட், அல்லது காது முளைத்ததுபோல் உருக்குலைந்த சிவப்பணுக்கள் தெரிந்தால் ரத்தம் சிறுநீர்ப்பையிலிருந்தோ கல்லிலிருந்தோ வரவில்லை, வடிகட்டியிலிருந்தே வருகிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கில் ‘பிளட்’ கட்டம் நிறம் மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அதிக அளவில் வைட்டமின் சி மாத்திரை எடுப்பவருக்கு ரத்தம் இருந்தும் அந்தக் கட்டம் நிறம் மாறாமல் போகலாம். மாதவிடாய் நாள்களிலும் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும் எடுத்தால் வேண்டாத பாசிட்டிவ். கூடவே புரதம்–கிரியாட்டினின் விகிதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும். கிரியாட்டினினை முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்: 0.7 இருந்தவருக்கு 1.2 என்றால் லேப் தாளில் சிவப்பு நட்சத்திரம் விழாமல் போகலாம், ஆனால் வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி போய்விட்டது.

சிறுநீரில் ரத்தம், ஏறும் கிரியாட்டினின், ஆன்கா பாசிட்டிவ் மூன்றும் சேர்ந்தால் அது நாள்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நிலை. இருமலில் ரத்தமும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இங்கேதான் ஜி.பி.எம். எதிர்ப்பொருள் முக்கியம். அது உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆன்காவும் பாசிட்டிவாக இருக்கும். ஆன்கா வந்துவிட்டதே என்று ஜி.பி.எம். பார்க்காமல் விட்டால், அந்த எதிர்ப்பொருளை ரத்தத்திலிருந்து நீக்கும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை தாமதமாகும். இழந்த சிறுநீரகம் திரும்பாது. பெரும்பாலான லேப்கள் இதை வெளி லேப்புக்கு அனுப்பிப் பல நாள் கழித்து முடிவு தரும். தொகுப்பை எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: ஜி.பி.எம். இருக்கிறதா, அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் தருவீர்கள்? பிளாஸ்மா மாற்றமோ இம்யூனோகுளோபுலின் ஊசியோ தொடங்குவதற்கு முன்பே இந்தச் சாம்பிள் எடுத்துவைத்திருக்க வேண்டும். அதன் பிறகு எடுத்தால் எண்கள் கெட்டுப்போகும்.

பேனலின் கண்ணில் படாத பெரிய குழாய்களுக்கு வருவோம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, தலை வாரும்போது உச்சந்தலை வலி, மெல்லும்போது தாடை வலி, சில நொடிப் பார்வை மறைவு இருந்தால் அது ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் ஆக இருக்கலாம். இதற்கு ஆன்கா பார்ப்பது நேர விரயம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும், அரிதாக இரண்டும் சரியாகவே இருந்து ஏமாற்றும். தேவையானது நெற்றிப்பொட்டுத் தமனியிலும் அக்குள் தமனியிலும் அல்ட்ராசவுண்ட். குழாயைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும் ‘ஹேலோ’ ஸ்டீராய்டு தொடங்கியபின் சீக்கிரமே மங்கும். ஒரு வாரத்துக்குள் எடுக்க வேண்டும். பயாப்சியானால் குறைந்தது 1 செ.மீ. நீளத் துண்டு வேண்டும், ஏனெனில் அழற்சி விட்டுவிட்டுத்தான் இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கி ஓரிரு வாரம் வரை பயாப்சி பயன் தரும். எந்தப் பரிசோதனைக்காகவும் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக்கூடாது. வழக்கமான தொடக்க அளவு நாளுக்கு ப்ரெட்னிசோலோன் 40 முதல் 60 மி.கி.; பார்வை தொட்டுவிட்டது என்றால் நரம்பு வழியாக மெத்தில்ப்ரெட்னிசோலோன். பேனல் முடிவு வரட்டும் என்று காத்திருந்த நாள்களில் கண் போனால் திரும்ப வராது.

தகாயாசு பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. இங்கே பேனலைவிட ரத்த அழுத்தக் கருவி உயர்ந்தது. இரண்டு கைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். மேல் எண்ணில் 10க்கு மேல் வித்தியாசம் என்பது 1990 அளவுகோல். 2022 அளவுகோல் அதை 20 ஆக உயர்த்தியது. ஒரு கையில் நாடி மெலிந்திருப்பது, கையை உயர்த்தி வேலை செய்தால் சோர்ந்துபோவது, காரைஎலும்பின் மேல் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல் ஆகியவையே துப்பு. உறுதிசெய்வது எம்.ஆர். அல்லது சி.டி. ஆஞ்சியோகிராம். நோய் முன்னேறிக்கொண்டிருக்கும்போதே ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சரியாக இருப்பது இந்த நோயில் தெரிந்த விஷயம். அந்த எண்களை நம்பி மருந்தைக் குறைத்தால் அடுத்த ஸ்கேனில் குழாய் இன்னும் சுருங்கியிருக்கும்.

நடுத்தரக் குழாய்களில் பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசாவுக்கு ஆன்கா நெகட்டிவாக இருப்பதே இலக்கணம். எடை குறைவு, திடீர் உயர் ரத்த அழுத்தம், விரை வலி, சாப்பிட்டபின் வயிற்று வலி, வலை போன்ற தோல் நிறம், ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்புகள். இங்கே பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஹெப்படைட்டிஸ் பி. பார்க்க வேண்டிய படம் குடல், சிறுநீரகத் தமனிகளின் ஆஞ்சியோகிராம். அதில் மணிமணியாகச் சிறு வீக்கங்கள் தெரியும். சிறு வயதிலேயே இந்த நோய், கூடவே பக்கவாதம் என்றால் டாடா-2 என்ற மரபணுக் குறைபாட்டைப் பார்க்க வேண்டும். அது 2014இல்தான் கண்டறியப்பட்டது, சிகிச்சையும் வேறு.

கவாசாகி குழந்தைகளின் நோய், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஐந்து நாள் காய்ச்சல், அத்தோடு பீளை வடியாத சிவந்த கண்கள், வெடித்த உதடும் சிவந்த நாக்கும், தோல் தடிப்பு, வீங்கிய கைகால், கழுத்தில் 1.5 செ.மீ.க்கு மேல் நெறி ஆகிய ஐந்தில் நான்கு. பேனல் எடுத்து முடிவுக்குக் காத்திருப்பது இங்கே வெறும் வீண் அல்ல, ஆபத்து. பத்து நாளுக்குள் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் போட வேண்டும். போடாவிட்டால் நால்வரில் ஒருவருக்கு இதயத் தமனி வீங்கும். போட்டால் அது 5 சதவீதத்துக்கு அருகே இறங்கும். எடுக்க வேண்டிய பரிசோதனை எக்கோ. இம்யூனோகுளோபுலின் போட்டபின் ஈ.எஸ்.ஆர். தானாகவே ஏறும், நோய் அடங்கவில்லை என்று அதை வைத்து முடிவுகட்டக்கூடாது, சி.ஆர்.பி.யைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளின் காலில் தடவினால் தட்டுப்படும் ஊதாப் புள்ளிகள், மூட்டுவலி, வயிற்று வலி என்று வரும் ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸுக்கும் பேனல் தேவையில்லை. தட்டணுக்கள் சரியாக இருக்கின்றனவா என்று சி.பி.சி. பார்த்து, சிறுநீரைத் தொடர்ந்து ஆறு மாதம் கண்காணிப்பதே வேலை. ரத்தத்தில் ஐ.ஜி.ஏ. அளவு பார்ப்பது பலருக்குச் செய்யப்படுகிறது. அது பாதிப்பேருக்குத்தான் ஏறும், ஏறினாலும் நோயை உறுதிசெய்யாது. பெரியவர்களுக்கு வந்தால் தோல் பயாப்சி வேண்டும், அதிலும் இரண்டு துண்டு. ஒன்று ஃபார்மலினில். மற்றொன்று, தோன்றி ஒரு நாள்கூட ஆகாத புள்ளியிலிருந்து எடுத்து, மிஷெல் திரவத்திலோ சலைனிலோ. இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஐ.ஜி.ஏ. படிவைப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். இந்தத் தவறு மறுபடி பயாப்சி எடுக்க வைக்கும், ஆனால் அதற்குள் புள்ளி பழையதாகியிருக்கும்.

பெஷேக்கு ரத்தத்தில் பரிசோதனையே இல்லை. வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி ஆகியவற்றை வைத்து மருத்துவர் முடிவெடுப்பது. எச்.எல்.ஏ.-பி51 என்ற மரபணுப் பரிசோதனையைக் கூடுதலாகத் தொகுப்பில் விற்பதைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது பாசிட்டிவாக உள்ள ஆரோக்கியமானவர்கள் ஏராளம்.

சில பெரிய தொகுப்புகள் கிரையோகுளோபுலினையும் சேர்க்கின்றன. தாளில் பார்க்க நன்றாக இருக்கிறது. நடப்பில் பெரும்பாலும் பொய் நெகட்டிவ். இந்தப் புரதம் குளிரில் உறையும் குணமுள்ளது. முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கிய குழாயில் ரத்தம் எடுத்து, அதே சூட்டில் வைத்து உறையவிட்டு, சூடு குறையாமல் சீரத்தைப் பிரித்தபின்தான் 4 டிகிரியில் ஒரு வாரம் வரை வைத்துப் படிவு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வந்த சாம்பிளில் அந்தப் புரதம் ரத்தக்கட்டியோடு சேர்ந்து அடியில் போய்விட்டிருக்கும். மேலே எடுக்கும் சீரத்தில் ஒன்றும் இருக்காது. ஆகவே வீட்டுச் சாம்பிளில் இதை எடுக்கவே வேண்டாம். லேப்புக்கு நேரில் போய், ‘குழாயைச் சூடாக்கி வைத்திருக்கிறீர்களா’ என்று கேளுங்கள். முழிப்பார்களானால் வேறு இடம் பாருங்கள். ஹெப்படைட்டிஸ் சி பரிசோதனை இல்லாமல் கிரையோகுளோபுலின் மட்டும் உள்ள தொகுப்பும் அரைகுறைதான்.

ஸ்டீராய்டு ஏற்கெனவே தொடங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. சில நாள் மாத்திரையால் ஆன்கா மறைந்துவிடாது, அதை எடுக்கலாம். இயோசினோஃபில் சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். மருந்துக்கு முந்தைய சி.பி.சி. எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். சி.ஆர்.பி. சில நாளில் இறங்கும். நோய் எதிர்ப்பை அடக்கும் ரிடுக்சிமாப் ஊசி போட நேரலாம் என்றால் ஹெப்படைட்டிஸ் பி மேற்புற ஆன்டிஜெனும் கோர் எதிர்ப்பொருளும் முன்பே பார்த்திருக்க வேண்டும், உறங்கிக் கிடந்த வைரஸ் அந்த மருந்தில் விழித்துக் கல்லீரலை அழித்துவிடும். பேனலில் இதுவும் இல்லை.

ஆகவே எடுப்பது என்றால் இப்படி: மூக்கில் அடிக்கடி ரத்தம் கலந்த பொருக்கு, விளக்கமில்லாத நுரையீரல் கட்டிகள் அல்லது ரத்த இருமல், சிறுநீரில் ரத்தமும் புரதமும், திடீரென்று தொங்கிப்போன பாதம் அல்லது மணிக்கட்டு, தடவினால் தட்டுப்படும் ஊதாப் புள்ளிகள் ஆகியவற்றில் ஒன்றாவது இருப்பவருக்கு பி.ஆர்.3, எம்.பி.ஓ. நேரடி அளவீடு, சிறுநீரகமோ நுரையீரலோ தொட்டிருந்தால் ஜி.பி.எம்.; சி3, சி4; இவற்றோடு தொகுப்புக்கு வெளியே சி.பி.சி., கிரியாட்டினின், நுண்ணோக்கியில் பார்த்த சிறுநீர், ஹெப்படைட்டிஸ் பி, சி. தனித்தனியாக எழுதி வாங்கினால் பல லேப்களில் பெரிய தொகுப்பைவிடக் குறைவாகவே ஆகும். முடிவைப் படிக்க ருமட்டாலஜிஸ்ட், சிறுநீரகம் என்றால் நெஃப்ராலஜிஸ்ட். லேப் தாளின் அடியில் அச்சாகும் ‘விளக்கம்’ எல்லோருக்கும் ஒரே வாசகம், அதை மருத்துவ ஆலோசனையாக எடுக்கக்கூடாது.

நோய் உறுதியாகிச் சிகிச்சையில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு பேனலையும் திரும்ப எடுப்பதைப் பார்க்கிறோம். ஏ.என்.ஏ.வைத் திரும்பப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. பி.ஆர்.3 அல்லது எம்.பி.ஓ., எது பாசிட்டிவாக இருந்ததோ அது மட்டும், அதே லேப்பில், அதே முறையில். ஒரு லேப்பின் 40 யூனிட்டும் இன்னொன்றின் 40 யூனிட்டும் ஒன்றல்ல. லேப் மாற்றியதால் எண் இரண்டு மடங்கானதை நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்ளும் குழப்பம் இதனால்தான் வருகிறது. எண் உண்மையாகவே ஏறினாலும் அதை மட்டும் வைத்து மருந்தைக் கூட்ட வேண்டாம் என்பது அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2021 வழிகாட்டுதல். அடிக்கடி பார்க்க வேண்டியவை சிறுநீர், கிரியாட்டினின், சி.பி.சி., ரத்த அழுத்தம். ரிடுக்சிமாப் எடுப்பவருக்கு இம்யூனோகுளோபுலின் அளவும். ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸுக்கு டோசிலிசுமாப் எடுப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டுமே கண்காணிப்புக்குப் பயனில்லை. நோய் அடங்கினாலும் அடங்காவிட்டாலும் அந்த மருந்து இரண்டையும் கீழே அழுத்தி வைத்திருக்கும். அவர்களுக்குத் தலைவலி, தாடை வலி, பார்வை ஆகியவற்றைக் கேட்டறிவதும் தேவைப்படும்போது ஸ்கேனும்தான் வழி.